ராக்கியன் பீடி

வலது காலைத் தூக்கி அழுத்தி, இடது காலைத் தூக்கி அழுத்தி, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே என்று சுற்றி நடுவுக்கு வந்து சேர்ந்தால் கொடிப்போர் ஒரு சுற்று மிதிபட்டதாக அர்த்தம். எத்தனையாவது சுற்று என்று தெய்வானை எண்ணிக்கொண்டுதான் வந்தாள், ஒன்பது வரைக்கும் நினைவிருக்கிறது, அதற்கப்புறம் உள்ளங்கால் குறுக்கே பேச ஆரம்பித்துவிட்டது. சூடாக இருக்கிறது என்றது உள்ளங்கால். வெயிலில் காய்ந்த கடலைக்கொடி சூடாக இல்லாமல் ஐஸாகவா இருக்கும் என்று அவள் பதில் சொன்னாள். வெயில் எங்கே என்றது அது. வெயில் இல்லைதான். விடிந்ததிலிருந்து வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி மூடிக் கிடக்கிறது, சிவன்மலைப் பக்கம் கறுத்து இறங்கிக்கொண்டிருக்கிறது, ஐப்பசி மழை சொல்லிவிட்டா வரும். அப்படியானால் மிதிக்கிற சூடு. மத்தியானத்திலிருந்து தூக்கித் தூக்கி மிதிக்கிற காலில் ரத்தம் ஓடுகிறது, அந்தச் சூடு. ஆமாம், அதுதான். கீழே புருஷன் நல்லசிவம் கவையால் கொடியைக் குத்தி எடுத்து மேலே வீசினான். முகத்தில் மண் தெறித்தது. அவள் கொடியை வாங்கி ஓரத்தில் போட்டு, வேர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பி, மறுபடியும் வலது கால், இடது கால். ஓரம் குளிர்ச்சி. நடுவுக்கு வர வரக் கதகதப்பு. கால் சூடு என்றால் ஓரத்திலும் அல்லவா இருக்க வேண்டும். சரி, விடு. இன்னும் ஓர் ஆள் உயரம் போட்டு, கூம்பாக்கி, முடி கட்டிவிட்டால் பங்குனி சித்திரைக்குக் கவலை இல்லை. மூன்று பசு, ஒரு எருமை, பதினோரு ஆடு, இப்போது புதிதாக ஒரு கன்று, அத்தனை வாயும் இந்த ஒரு போரை நம்பித்தான் இருக்கிறது. அதையும் இந்தப் பாழாய்ப்போன உள்ளங்கால் அறியும்.

காலையில் நல்லசிவம் கேட்டான். டிராக்டர்காரர் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார், நான்கு நடை அடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. வடக்குக் காட்டுக் கொடி இரண்டு நடை, கிணற்றோரத்துக் கொடி ஒரு நடை, நடுவில் கிழக்கு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த குவியல் ஒரு நடை. "அது காஞ்சுதா புள்ள?" என்று அவன் தூரத்திலிருந்தே கத்தினான். காய்ந்ததா என்று பார்க்கத் தெய்வானைக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம், ஒரு கொடியை உருவி முறித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். அவள் தார்ப்பாயைத் தூக்கி மேலே கிடந்ததை முறித்தாள். படக் என்றது. அப்புறம் கையை உள்ளே விட்டாள். ஏன் விட்டாள்? மேலாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இப்போது தெரியாமல் செய்தது என்றாவது ஆகியிருக்கும். கையை விட்டாள், உள்ளே கொடி துவண்டு கிடந்தது, வேர்த்த உடம்பு மாதிரி வழவழப்பு, வெதுவெதுப்பு. மூன்று நாளைக்கு முன்னால் தூறியபோது அவசரத்தில் வாரிக் குவித்து மூடியது. மறுநாளே பிரித்து உலர்த்த வேண்டும் என்று மூடும்போதே நினைத்தாள். மறுநாள் மயிலைப் பசுவுக்கு விடிகாலையிலேயே வலி வந்துவிட்டது, கன்று குறுக்கே நின்றது, முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக் கையை உள்ளே விட்டுக் காலைத் தேடிப் பிடித்து இழுத்ததும் அவள்தான். அன்றைக்கு அதோடு சரி. அதற்கடுத்த நாள் கடலைக்காய் காயப்போடும் வேலை. குவியல் மூன்று நாளாகத் தார்ப்பாய்க்குள்ளேயே வெந்துகொண்டு கிடந்தது. அதில் கை வைத்துக்கொண்டு, "காஞ்சிருச்சுங்க, ஏத்தச் சொல்லுங்க" என்று கத்தினாள். வாய் தானாகச் சொல்லியது. தானாக எந்த வாயும் சொல்லாது. முந்தின வருஷம் சித்திரையில் கொடி தீர்ந்து, சோளத்தட்டும் தீர்ந்து, கட்டுத்தரையில் மாடுகள் கூளத்தை நக்கிக்கொண்டு நின்றபோது செவலைப் பசுவை விலைக்குப் பிடித்துக் கொடுத்தார்களே, அந்தச் செவலை வண்டியில் ஏற மாட்டாமல் முன்னங்காலை ஊன்றித் திரும்பித் திரும்பி அவளையே பார்த்ததே, அதுதான் அவள் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேசியது. ஒரு நடைக் கொடி என்றால் ஒரு மாசத் தீனி. மழை வருகிற நாளில் அதைப் பிரித்துப் போட்டால் சாணிக்குழிக்குத்தான். அதனால் பொய் சொன்னாள். மூன்றாவது நடையாக அது வந்தது, போரின் நடுவில் விழுந்தது, அவளே மிதித்தாள், அதற்கு மேல் இப்போது நான்காவது நடையும் பாதி ஏறிவிட்டது.

"தெய்வான, தண்ணி வேணுமா?" என்று கீழே நங்கையாள் கேட்டாள். நல்லசிவத்தின் அக்கா. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து போர் போடுகிற அன்றைக்கென்றே பஸ் ஏறி வந்துவிடுவாள், கொடி அள்ளிக் கொடுப்பதைவிட மேற்பார்வை பார்ப்பதில் கெட்டிக்காரி. சொம்பைக் கயிற்றில் கட்டித்தான் மேலே அனுப்பினாள். இந்தக் குடும்பத்தில் அது ஒரு வழக்கம், போர் மிதிக்க ஏறினவர் முடி கட்டுகிற வரைக்கும் மண்ணில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வருஷம் கட்டுத்தரையில் ஓர் உருப்படி, மாடோ ஆடோ, குறையும். சோறு, தண்ணீர், வெற்றிலை எல்லாம் மேலேதான். கல்யாணமான முதல் வருஷம் தெய்வானை இதைக் கேட்டுச் சிரித்தாள், ரெண்டாம் வருஷம் ஒண்ணுக்கு வந்தபோது அழுதாள். செவலையைக் கொடுத்த வருஷம்கூட, மிதிக்கும்போது அவளுடைய வளையல் ஒன்று கழன்று மண்ணில் விழுந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று நங்கையாள் கணித்துச் சொன்னாள். சொம்பு மேலே வந்தது. குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஒரு வாசனையும் சேர்ந்து இறங்கியது. வாழைத்தார் பழுக்கப் போட்ட குழியைத் திறந்த மாதிரி, அதோடு லேசாக வெல்லம் அடிப்பிடித்த மாதிரி. மூக்கை மூடிக்கொண்டு குடித்தாள். "ஏனுங்க, சித்த நிறுத்தலாமா" என்று கேட்க வாயைத் திறந்தாள், அதற்குள் நல்லசிவம், "பொழுதோட முடிச்சர்லாம் புள்ள, மழைக்கு முன்னால முடி கட்டீரோணும்" என்றான், முகமெல்லாம் சந்தோஷம் அவனுக்கு. காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து உதட்டில் வைக்கப் போனவன் நங்கையாளின் பார்வையைக் கண்டு மறுபடியும் காதிலேயே சொருகினான். "கொடிப்போருகிட்ட நின்னுட்டு பீடிய எடுக்கறயே," என்றாள் அவள், "நீயி என்ன ராக்கியனா? தெய்வான ஊட்டுக் கதையக் கேட்டும் புத்தி வரலயா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். எப்போதும் சிரிப்பாள்.

ராக்கியன் பீடி. அவள் பிறந்த வீட்டில் அது பழமொழி ஆகிவிட்டது, அவள் கல்யாணமாகி வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு இங்கேயும் வந்து சேர்ந்தது. பால் பொங்கி வழிந்தால் ராக்கியன் பீடி. மோட்டாரை அணைக்காமல் விட்டுக் கிணறு வற்றினால் ராக்கியன் பீடி. நல்லசிவத்தின் சொந்தத்தில் அந்தப் பண்ணையாள் ராக்கியண்ணனை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பீடி போட்டுப் போரை எரித்தவர் என்று அவர் பேர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு இடது காது மடல் கொஞ்சம் கிழிந்திருக்கும், மாட்டுக்கு மருந்து புகட்டும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பார், அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார், இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. மாரியம்மன் நோம்பி, அன்றைக்குக் கோயிலில் கம்பம் ஆட்டம், போர் முடிந்தால்தான் போகலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவள்தான் மேலே நின்று மிதித்தாள், ராக்கியண்ணன் கீழேயிருந்து வீசினார். கடைசிக் குவியல் ஈரம். "தாயி, இது வளையுது, நாளைக்கிக் காயப்போட்டு ஏத்திக்கலாம்" என்று அவர் சொன்னார். சொன்னார், சத்தியமாகச் சொன்னார், இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் எங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள்? "வீசுங்கண்ணா, காஞ்சிருச்சு" என்றாள். அவர் வீசினார், சம்பளத்துக்கு இருக்கிற ஆள் முதலாளி மகளிடம் எத்தனை தடவை சொல்வார். பன்னிரண்டாம் நாள் காலை, இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தபோது, போரின் நடுவிலிருந்து கை பருமனில் புகை வந்தது. ஓரத்திலிருந்து இல்லை, நடுவிலிருந்து. அப்பா ஓடிப்போய்க் கவையால் பிரித்தார், பிரித்ததும் காற்றுப் பட்டுப் பொக்கென்று பிடித்துக்கொண்டது. கட்டுத்தரைக் கூரை பனையோலை. ராக்கியண்ணன் அரிவாளோடு உள்ளே நுழைந்து ஒவ்வொரு கயிறாக அறுத்தார், ஏழு உருப்படியும் வெளியே வந்தது, கடைசியாக அவர் வந்தபோது இடது கை முழங்கை வரைக்கும் தோல் வழன்று தொங்கியது. அந்தக் கையோடுதான் அப்பா அவரை வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டார், "பீடியக் குடிச்சுட்டு எங்கடா வீசுன?" அவர் இல்லை என்றார். அப்பா அறைந்தார். அவர் இல்லை என்றார். மறுபடியும் அறைந்தார். மூன்றாவது அறைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததே ஒப்புதல் ஆயிற்று. மறுநாள் சட்டி பானையோடு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திருப்பூர்ப் பக்கம் என்றார்கள், கை மடங்காமல் போய்விட்டது என்றார்கள், மடங்காத கைக்கு எந்தக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வலது கால். இடது கால். இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைத் தெய்வானை சுற்றிச் சுற்றி வந்தாலும் மிதிப்பதில்லை, ஓரமாகவே போய்விடுவாள். போருக்குப் பக்கத்தில் வருவதற்கு முன்னால் ராக்கியண்ணன் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வேலியோரக் கல்தூணின் மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லையும் தூக்கி வைப்பார். ஒரு நாள் தவறாது. தீப்பிடித்த அன்றைக்கும், அவர் அறை வாங்கிக்கொண்டிருந்தபோது, அவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கல்தூணின் மேல் பீடிக்கட்டு, தீப்பெட்டி, கூழாங்கல். அப்பாவின் முதுகுக்குப் பின்னால், பத்தடியில். ஒரு கை நீட்டியிருந்தால் போதும். அங்கே பாருங்கப்பா, அவ்வளவுதான். கை நீட்டினால் அப்புறம் யார் என்ற கேள்வி வரும். கை நீண்டது, நீளாமல் இல்லை, ஆனால் சுட்டிக்காட்ட அல்ல, எடுத்துப் பாவாடை மடிக்குள் செருகிக்கொள்ள. கிணற்றில் போட்டாள். தீப்பெட்டி மிதந்தது, முழுகவே இல்லை, அவள் ஒரு கல்லை எடுத்து அதன் மேல் எறிந்தாள், தப்பியது, இன்னொன்று எறிந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், ஒரு தீப்பெட்டியை மறைக்க அவ்வளவு பாடு. அப்புறம் வருஷங்கள் போகப் போக அவளும் நம்ப ஆரம்பித்தாள். ஒருவேளை அன்றைக்கு அவரிடம் இரண்டு தீப்பெட்டி இருந்திருக்கலாம். ஒருவேளை யாராவது வழிப்போக்கர். ஈரக்கொடி தானாக எரியும் என்று யார் கண்டது, பச்சை வாழையா எரிகிறது, பச்சை மரமா எரிகிறது. அப்படி நம்பினதால்தான் இன்றைக்குக் காலையில் வாய் அவ்வளவு சுளுவாகச் சொன்னதோ? நம்பவில்லை. நம்பியிருந்தால் மூக்கை ஏன் மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தாய்? அந்த வெல்ல வாசனை உனக்கு எங்கிருந்து தெரியும்? கம்பம் ஆட்டத்துக்குப் போகிற அவசரத்தில் மிதித்தபோதும் உள்ளங்கால் இதையேதானே சொன்னது.

நடுவில் நின்றுவிட்டாள். குனிந்து, கொடியை இரண்டு கையாலும் விலக்கி, வலது கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை ஒன்றுமில்லை. முழங்கை வரை கதகதப்பு. தோள் வரை, கன்னம் கொடியில் அழுந்த, விரல்கள் போய்த் தொட்ட இடத்தில், மயிலையின் வயிற்றுக்குள் கன்றைத் தேடியபோது இருந்த அதே சூடு. அதைவிடக் கூட. அதைவிட நிச்சயமாகக் கூட. அங்கே ஓர் உயிர் இருந்தது, இங்கே என்ன இருக்கிறது. கையை இழுத்தாள், தோளெல்லாம் நீர் பூத்திருந்தது. கட்டுத்தரை இங்கிருந்து எத்தனை அடி? எட்டு எட்டில் போகலாம். அங்கே கன்று துள்ளப் பழகிக்கொண்டிருந்தது, பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தது. கயிறு புதுசு, நேற்றுத்தான் கட்டினாள், நைலான். நைலான் கயிற்றை அறுப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நல்லசிவத்துக்கு மூச்சிரைப்பு. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, இன்றைக்கே ஒன்றும் ஆகிவிடாது. முடி கட்டிவிட்டு நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு மழை வரும், போரைப் பிரிக்கிறேன் என்றால் பைத்தியம் என்பார்கள். மறுநாள் சொல்லலாம். மறுநாள் இன்னும் சூடாகும், பிரித்தால் பற்றும். இப்போது பிரித்தால் வெறும் ஆவி. பன்னிரண்டாம் நாள் பிரித்தால் நெருப்பு. எரிந்தால் நல்லசிவம் காதில் சொருகின பீடியைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நங்கையாள்தான் முதலில் பார்ப்பாள். ராக்கியன் என்று நானே சொன்னனே, வாய் வெச்ச மாதிரி ஆயிப்போச்சே என்பாள். அவன் இல்லை என்பான். மூன்று தடவை சொல்வான். அவள் அப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். இருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது, நெருப்பைவிட அதுதான்.

ஒரு துளி அவள் பிடரியில் விழுந்தது.

"மழ எறங்குது, வாங்கிப் போடு புள்ள!" என்று நல்லசிவம் கவையை நீட்டினான்.

"போடாதீங்க" என்றாள்.

"என்னது?"

"போடாதீங்க. போர் வேகுது. பிரிக்கோணும்."

அவனுக்கு விளங்கவில்லை, கவையை நீட்டியபடியே நின்றான். அவள் காலால் ஓரத்துக் கொடியைக் கீழே தள்ளினாள், அப்புறம் உட்கார்ந்து, சறுக்கி, மண்ணில் இறங்கினாள். உள்ளங்காலுக்கு மண் குளிர்ந்தது.

"அடி பாவி, முடி கட்டாம எறங்கிட்டயே!" என்று நங்கையாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கன்னுப் போட்ட ஊட்ல இப்படிப் பண்றயே, உனக்கென்ன கிறுக்கா?"

"கெழக்கு மூலக் குமி காயவேயில்லீங்க," என்று அவள் நல்லசிவத்தைப் பார்த்தே சொன்னாள். "காலைல கைய உட்டுப் பாத்தன். ஈரம். தெரிஞ்சுதான் காஞ்சுதுன்னு சொன்னன்."

அவன் அவளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், நாள் முழுக்க வீசின போரைப் பார்த்தான். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவையைத் திருப்பிப் பிடித்துப் போரின் வயிற்றில் குத்தி இழுத்தான். அவளும் இழுத்தாள், கையால், நகம் பிய்ந்தது. மேலே கிடந்த காய்ந்த கொடியை வாரித் தார்ப்பாய்க்குள் தள்ளினார்கள், மழை வலுத்தது, பாதிதான் தள்ள முடிந்தது, மீதி நனைந்தது. ஒரு மாசத் தீனி போயிற்று, ஒன்றரை மாசம்கூட இருக்கும். சித்திரையில் எந்த மாட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகப்போகிறதோ என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இழுத்தாள். மூன்றாவது நடைக் கொடி வந்தது. பழுப்பாக, சில இடத்தில் காப்பித்தூள் நிறமாக. கவை பட்டதும் உள்ளிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, மழையிலும் அடங்காமல், மூன்று பேர் முகத்திலும் அடித்தது. நல்லசிவம் கையை உள்ளே விட்டுச் சட்டென்று இழுத்து உதறிக்கொண்டான்.

"அய்யோ சாமி, பொகையுதே," என்று நங்கையாள் இரண்டடி பின்னால் போனாள். தம்பியின் காதைப் பார்த்தாள். நனைந்து துவண்ட பீடி அங்கேயே இருந்தது. "டேய், நெசமாச் சொல்லு, எப்பவாச்சும் குடிச்சுட்டு உள்ள போட்டயா? ராக்கியன் போட்டாப்பல?"

தெய்வானை கையிலிருந்த கொடியைக் கீழே போட்டாள்.

"ராக்கியண்ணன் பீடி போடல நங்கையா," என்றாள். "அன்னிக்கும் போரு மேல நாந்தான் நின்னன்."

நல்லசிவம் கவையைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு, கட்டுத்தரைக்குப் போய்க் கன்றின் கயிற்றை அவிழ்த்தான்.